பக்கவாசலில் மேவிஸ்

ஜனவரி முதல் வாரத்தில் யூரே கிங்ஸ்டனில் வந்து இறங்கியபோது, அந்த வீட்டின் முன்வாசல் பாதி பனியில் புதைந்திருந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு போய் மணியை அழுத்தினான். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வீட்டின் பக்கவாட்டிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"டேய், அந்தக் கதவு தொறக்காதுடா. நான் வந்து மூணு வருஷம் ஆச்சு, அது தொறந்து நான் பாத்ததே இல்ல. இப்படி வா."

அது டெவின். அந்த வீட்டில் குடியிருக்கும் இன்னொரு மாணவன். யூரே கடல் தாண்டி, ஸ்பிளிட் நகரத்திலிருந்து ஒரே ஒரு பருவம் மட்டும் படிக்க வந்தவன். கடலோர ஊர்க்காரன். காலில் துணிக் காலணி போட்டிருந்தான். டெவின் அதைப் பார்த்துச் சிரித்தான்.

பக்கவாசல் நேராகச் சமையலறைக்குள் திறந்தது. கதவின் மேல்பாதி கண்ணாடி. எதிரே ஒரு கார் நிற்கும் அகலம் விட்டு, அடுத்த வீட்டின் பக்கவாசல். கதவையொட்டிச் சுவரில் ஓர் ஆணி, அதில் ஒரு சாவி.

"அது மேவிஸோடது. பக்கத்து வீட்டம்மா. அவங்க கதவு சாத்துனா தானா பூட்டிக்கும். அதனால இந்த வீட்டுல யார் இருக்காங்களோ அவங்ககிட்ட ஒரு சாவி குடுத்து வெச்சிருவாங்க."

அன்றைக்கே மேவிஸ் வந்தாள். எழுபத்தெட்டு வயது. ஒரு கையில் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட மக்ரோனி. இன்னொரு கையில் செத்துப்போன புருஷன் ராயின் பனி பூட்ஸ்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோப்பா. உன் காலப் பாத்தேன் ஜன்னல் வழியா. இதோட நீ பிப்ரவரியத் தாண்ட மாட்டே கண்ணு. ராய்க்குக் கொஞ்சம் பெரிய காலு. ரெண்டு சாக்ஸ் போட்டுக்க."

ஜன்னலையொட்டிய நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாள். இருபது வருஷமாக அந்த வீட்டுக்கு வந்துபோன பிள்ளைகள் எல்லாருடைய பெயரும் அவளுக்கு நினைவிருந்தது. பனியை முதல்முறை பார்த்து அழுத பிரேசில் பையன், பூனைக்குப் பின்னல் சட்டை போட்ட ஜப்பான் பெண். யூரேக்கு அது பிடித்திருந்தது. அந்த ஊரில் அவனிடம் ஒரு மணி நேரம் பேசியவர்கள் வேறு யாரும் இல்லை.

மூன்றாவது வாரத்தில் பிடிக்காமல் போயிற்று. வாரத்துக்கு மூன்று முறை வந்தாள். அதே பிரேசில் பையன், அதே பூனை. "கெளம்புறேன்" என்று எழுந்த பிறகும் கதவருகே அரைமணி நேரம்.

டெவின்தான் வழி சொல்லிக்கொடுத்தான்.

"தட்டுனா டக்குனு லைட்ட அணைச்சிரு. அணைச்சிட்டு ஃபிரிட்ஜுக்கும் செவுத்துக்கும் நடுவுல உக்காந்துக்க. கண்ணாடி வழியா பாத்தா தெரியாது. எல்லாரும் பண்றதுதான் மாப்ள, நீ என்ன பெரிய புண்ணியவானா?"

இரண்டு முறை அப்படிச் செய்தான். இரண்டு முறையும் பலித்தது. உட்கார்ந்திருக்கும்போது சிரிப்பு வந்தது.

பிப்ரவரி நடுவில் ஒரு வார விடுமுறை. தெருவே காலியாயிற்று. அந்தத் தெருவில் மேவிஸ் வீட்டைத் தவிர எல்லாமே மாணவர் வீடுகள். டெவினும் சட்பரியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை ஏரியிலிருந்து காற்று எழுந்தது. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு. பனி கிடைமட்டமாக அடித்தது. நாலு மணிக்கே இரண்டு வீடுகளுக்கும் இடையில் இருட்டிவிட்டது.

யூரே சமையலறை மேசையில் மடிக்கணினியில் ஊர்ப் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் பாதி. அவன் ஊர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது.

கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. மெதுவாக.

"யூரே? நான்தான்ப்பா, மேவிஸ். தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோ..."

அவன் கை தானாகப் போய் விளக்கை அணைத்தது. மடிக்கணினியை மூடினான். ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் போய்க் குந்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

மறுபடி மூன்று தட்டு.

காற்றில் அவள் என்னவோ சொன்னது காதில் விழவில்லை. பிறகு காற்று ஒரு நொடி நின்றது. அப்போது தெளிவாகக் கேட்டது.

"வேலையா இருக்க போல. சரிப்பா. பரவால்ல."

அவ்வளவுதான். பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தான். சத்தமில்லை. போய்விட்டாள் என்று நினைத்தான். இருட்டிலேயே மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். ஆட்டம் முடிந்திருந்தது. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தூங்கிப்போனான்.

காலையில், ஊரிலிருந்து திரும்பிய டெவினின் அலறல்தான் எழுப்பியது.

அவர்கள் வீட்டுப் பக்கவாசல் படியில் மேவிஸ் உட்கார்ந்திருந்தாள். முதுகு அவர்கள் கதவில் சாய்ந்திருந்தது. வீட்டு உடுப்பு, கம்பளிச் செருப்பு. பக்கத்தில் காய்கறித் தோல் போடும் சின்ன வாளி. குப்பை கொட்ட வெளியே வந்திருக்கிறாள். கதவு பின்னால் பூட்டிக்கொண்டது. தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் விளக்கு எரிந்தது. அங்கே வந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அணைந்தது.

ஆணியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அதை யூரே பார்த்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

போலீஸ்காரப் பெண் சின்ன வயசுக்காரி. மூக்கு சிவந்திருந்தது.

"நேத்து சாயங்காலம் நீ எங்கப்பா இருந்தே?"

"லைப்ரரில. ஆறு மணி வரைக்கும்."

அவள் எழுதிக்கொண்டாள். அந்தச் சாவியாலேயே மேவிஸ் வீட்டைத் திறந்தார்கள். யூரேயும் கூடப் போனான். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கம்பியில்லாத தொலைபேசி அதன் தாங்கியில் நிமிர்ந்து நின்றது. வீடு வெதுவெதுப்பாக இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குள் உயிர் போயிருக்கும் என்றார்கள்.

ஊர் அவனிடம் கனிவாக நடந்துகொண்டது. பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அம்மாள் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினாள். யாரோ வாழைப்பழ ரொட்டி சுட்டு வந்து கொடுத்தார்கள். "பாவம், எவ்வளவு ஒட்டுதலா இருந்தான் அந்தம்மாகிட்ட" என்று டெவினே நாலு பேரிடம் சொன்னான். யூரே தலை குனிந்துகொண்டான். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நாலாம் நாள்தான் முதலில் பார்த்தான்.

கதவுக்கு உட்பக்கம் கிடந்த மிதியடியில் ஈரம். இரண்டு சின்னத் திட்டு. பனி உருகிய தண்ணீர்.

"டேய், பூட்ஸக் கழட்டிட்டு வந்து தொடைக்க மாட்டியா? ஊர்ல ஆட்டுக்கொட்டகைல வளந்தியா?" என்றான் டெவின்.

யூரே அன்று வெளியே போகவே இல்லை. துடைத்தான். மறுநாள் நாலு மணிக்கு மறுபடி இருந்தது. அவன் உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரியவை. கால்விரல் பக்கம் வீட்டுக்குள் பார்த்திருந்தது.

வெளியே பார்த்தபடி ஒரு நாளும் இல்லை.

பிறகு நாற்காலி. ஜன்னலையொட்டிய நாற்காலி மேசையிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கும், ஆள் உட்காரும் அளவுக்கு. உள்ளே தள்ளி வைப்பான். பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பினால் மறுபடி ஒரு சாண். நனைந்த கம்பளியின் வாடை. மேவிஸ் கையில் தடவும் களிம்பின் லாவெண்டர் வாசம். அந்த நாற்காலியைச் சுற்றி மட்டும் குளிர், கடையில் இறைச்சி வைக்கும் அறையைத் திறந்தது மாதிரி.

சமையலறை விளக்கை அவன் அணைப்பதே இல்லை. டெவின் அணைத்தால் ஓடிப்போய்ப் போடுவான்.

ஒரு நாள் அணைத்துப் பார்த்தான். சாயங்காலம் நாலே கால், வெளியே மறுபடி பனி அடித்து இருண்டிருந்தது. டெவின் இல்லை. இது எல்லாம் தன் மனப்பிராந்தி என்று தனக்கே காட்டிவிட நினைத்தான்.

இருட்டு.

ஃபிரிட்ஜ் உறுமியது. நின்றது.

நாற்காலி முனகியது.

யாரோ எழுந்தார்கள். வயசான முழங்கால், மேசையில் கை ஊன்றி, மெதுவாக. விளக்கை அணைத்தால் விருந்தாளி கிளம்ப வேண்டும் என்று புரிந்துகொண்ட ஒருவர் எழுவதுபோல.

கம்பளிச் செருப்பு தேய்ந்தது. அவனைக் கடந்து போயிற்று. அவன் கன்னத்தில் குளிர் பட்டது.

கதவின் கைப்பிடி அசைந்தது. ஒரு முறை. இரண்டு முறை. திறக்கவில்லை.

பெருமூச்சு.

பிறகு செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. நாற்காலி மறுபடி முனகியது. உட்கார்ந்துவிட்டார்கள்.

"பரவால்லப்பா" என்று இருட்டு சொன்னது.

மார்ச் முதல் வாரத்தில் மேவிஸின் மகள் ஹெதர் வீட்டைக் காலி செய்யக் கால்கரியிலிருந்து வந்தாள். ஐம்பது வயது இருக்கும். மூன்றாம் நாள் சாயங்காலம் பக்கவாசலைத் தட்டினாள். யூரேயின் கை விளக்குப் பொத்தான் வரை போயிற்று. மிதியடியில் தண்ணீர் இருந்தது. கையை இறக்கி, கதவைத் திறந்தான்.

அவள் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுச் சாக்ஸ் காலோடு உள்ளே வந்தாள். அம்மாவின் பழக்கம்போலவே, "தொந்தரவு பண்றேனா தம்பி?" என்றாள். டெவின் மாடியில் இருந்தான். அவன் பாட்டுச் சத்தம் தரையில் அதிர்ந்தது.

ஜன்னலோர நாற்காலியில் அவள் உட்காரவில்லை. ஏனோ எதிர் நாற்காலியை இழுத்துக்கொண்டாள்.

"உனக்கு நன்றி சொல்லணும்னு வந்தேன்."

"எனக்கா?"

"நீ போலீஸ்ல லைப்ரரில இருந்தேன்னு சொன்னியாம். ஏன் சொன்னேன்னு எனக்குப் புரியுது. வம்புல மாட்டிக்குவோம்னு பயம். வெளியூருப் பிள்ளை. நான் யாருகிட்டயும் சொல்லப்போறதில்ல." அவள் மேசைமேல் கையை வைத்தாள். "அம்மா அன்னிக்கு ராத்திரி ஏழு மணிக்கு எனக்கு போன் பண்ணாங்க."

யூரே தலை நிமிர்ந்து பார்த்தான்.

"உங்க வீட்டுல இருக்கேன்னாங்க. நீயும் கூட இருக்கேன்னு. கதகதப்பா இருக்குன்னாங்க. அவங்க வீட்டு நம்பர்லருந்துதான் வந்துச்சு. அந்தக் கம்பியில்லாத போனை இங்க தூக்கிட்டு வந்திருப்பாங்க, அது இவ்ளோ தூரம் எடுக்கும். போலீஸ்ல நேரம் தப்பா பாத்திருப்பேங்குறாங்க. இல்ல. அப்புறம் எதுக்கோ மறுபடி வெளிய போயிருக்காங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாவோட கடைசி சாயங்காலம் ஒரு மனுஷனோட சூடான வீட்டுல போச்சு. எனக்கு அது போதும். இல்லன்னா என்னால தூங்க முடியாது தம்பி. இங்கருந்து எத்தனை மணிக்குக் கெளம்புனாங்கன்னு மட்டும் சொல்லு."

ஏழரை என்று சொன்னால் போதும். ஒரே ஒரு சொல். இவள் ஊருக்குப் போய்த் தூங்குவாள். ஏப்ரலில் அவனும் ஊருக்குப் போய்விடுவான். அன்று காலை தாங்கியில் நிமிர்ந்து நின்ற தொலைபேசியை இவள் பார்க்கவில்லை.

வாயைத் திறந்தான். எதிரே, ஆளில்லாத நாற்காலி காத்துக்கொண்டிருந்தது. அது குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"நான் கதவத் தொறக்கல" என்றான்.

"என்ன?"

"தட்டுனாங்க. நான் உள்ளதான் இருந்தேன். பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்கன்னு... மேட்ச் பாத்துட்டு இருந்தேன். லைட்ட அணைச்சிட்டேன். அவங்க பாத்துட்டு இருக்கும்போதே அணைச்சேன். பரவால்லன்னுட்டுப் போயிட்டாங்க. போயிட்டாங்கன்னு நெனச்சேன். நீங்க என்னை என்ன வேணா பண்ணுங்க."

மாடியில் பாட்டு நின்றது. வேறு பாட்டு தொடங்கியது.

ஹெதர் அவனையே பார்த்தாள். கோபம் வரும் என்று அவன் காத்திருந்தான். வரவில்லை. அவள் முகத்தில் வேறு ஏதோ மெல்ல ஏறியது.

"லைட்ட அணைச்சிட்டு நீ எங்க இருந்தே?"

அவன் காட்டினான்.

அவள் ஃபிரிட்ஜையும் சுவரையும் பார்த்தாள். நடுவில் இருந்த இடுக்கைப் பார்த்தாள்.

"அம்மா போன்ல சொன்னாங்க" என்றாள் தணிந்த குரலில். "எனக்கு அப்ப புரியல. 'பையன் ஃபிரிட்ஜ் பக்கத்துல தரையில உக்காந்திருக்கான் ஹெதர். இருட்டுல முட்டியக் கட்டிக்கிட்டு. கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டேங்குறான். எதுக்கோ பயந்திருக்கான் போல. இவனத் தனியா விட்டுட்டு வர மனசில்ல'ன்னாங்க."

ஏழு மணிக்கு யூரே மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான். தரையில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

ஹெதர் எழுந்தாள். பூட்ஸை மாட்டினாள். நாடாவைக் கட்டவில்லை. அப்படியே விட்டாள். கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கித் திரும்பி நின்றாள். காற்று உள்ளே பாய்ந்தது. மேசைமேல் இருந்த காகிதங்கள் பறந்தன. அவள் பார்வை யூரேயைத் தாண்டி ஜன்னலோர நாற்காலிக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

"அம்மா" என்றாள். "வா, போலாம்."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பனித்தூள் சமையலறைத் தரையில் படிந்தது. யூரேயின் பற்கள் அடித்துக்கொண்டன.

"அம்மா, ப்ளீஸ்."

நாற்காலி அசையவில்லை. அவனுக்குப் பின்னால், காதுக்கு மிக அருகில், வயதான குரல் மெதுவாகச் சொன்னது.

"கதவச் சாத்தும்மா. பையனுக்குக் குளிரும்."

ஹெதர் கதவைச் சாத்தினாள். வெளியிலிருந்து.