தம்ளரில் தெளிந்த தண்ணீர்

காலையில் டீ போட்டு வைத்தால் குடிக்க ஆள் இல்லை. ரமாபாய்க்கு அது பழகிவிட்டது. அவள் புருஷன் கிருஷ்ணப்பன் குளித்து, வெல்டிங் பட்டறைக் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, அடுப்படிப் பக்கம் திரும்பாமலே படியிறங்கிப் போவான். எதிர் பிளாக்கில் அவனுடைய அக்கா பச்சையம்மா வீட்டில் டீ. டீயோடு ஆரஞ்சு நிறத்தில் ஒரு மாத்திரை. அதை விழுங்கிய கையோடு அவள் வீட்டு வராந்தாவில் நின்று ஒரு பீடி. மாத்திரையும் பீடியும் கூடப் பிறந்தவை மாதிரி ஆகிவிட்டன.

இன்று மட்டும் வாசலில் நின்றான். "சாயங்காலம் அக்கா இங்க மீட்டிங் வெக்கிது. நாலு பேர் வருவாங்கோ. டீ போட்டு வை. நடுவுல வாயத் தொறக்காத."

"நான் போட்ட டீ உனக்கு ஆவாது, ஊர்ஜனத்துக்கு மட்டும் ஆவுமாய்யா?"

"மருந்த சாக்கடைல கொட்டுன கை அது," என்று சொல்லிவிட்டு இருமிக்கொண்டே இறங்கிப் போனான். மூன்றாவது மாடியிலிருந்து அந்த இருமல் தெருவில் தேயும் வரை ரமாபாய் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளைப் பயமுறுத்தியது அவன் பேச்சு அல்ல, அந்த இருமல்தான்.

டோல்கேட் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், மாத்திரை விற்க ஆள் சேர்க்கும் கோட்டு போட்ட ஒருவன் பேசியதைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து பச்சையம்மா பழைய பச்சையம்மா இல்லை. புடவையில் ஒரு பேட்ஜ், கையில் ஒரு பை, வாயில் ஆன்டி ஆக்ஸிடன்ட். அந்த வார்த்தை நாக்கில் புரளவே அவளுக்குப் பல நாள் ஆனது. புரண்டதும், தான் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் என்று நினைத்துக்கொண்டாள். முழங்கால் வலியா, முடி கொட்டுகிறதா, பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையா, எல்லாவற்றுக்கும் அதே ஆரஞ்சு மாத்திரை. நம்ப ஆளும் இருந்தது, அதுதான் வேடிக்கை.

அப்போது கிருஷ்ணப்பன் பீடியை விட்டிருந்தான். ரமாபாய் வருஷக்கணக்கில் அழுது, சண்டை போட்டு, கடைசியில் மகள் மகிழினி கையைப் பிடித்து அழைத்துப் போக, புத்த பௌர்ணமி அன்று விகாரையில் எல்லோர் காதிலும் விழ, போதை தொடேன் என்பதும் சேர்ந்த பஞ்சசீல உறுதி சொல்லி விட்ட பீடி அது. மாத்திரை வந்தது. நெஞ்சில் படிந்த பழைய கரியையெல்லாம் இது கழுவிவிடும் என்றாள் அக்கா. பழைய கரியையே கழுவுகிறது என்றால் புதுக் கரியைக் கழுவாதா என்று தம்பி யோசித்தான். அவன் வாழ்நாளில் யோசித்தது அந்த ஒன்றுதான், அதுவும் இப்படி. மறுபடி பற்ற வைத்தான்.

ரமாபாய் மாத்திரை பாட்டிலை முந்தானையில் மறைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரி நெஞ்சு டாக்டரம்மாவிடம் போனாள். அந்த அம்மா பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் புகை பிடிப்பாரா என்றுதான் முதலில் கேட்டார். இதில் வைட்டமின் சி-யோடு, கேரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டின் மிக அதிகமாக இருக்கிறது, வெளிநாட்டில் ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், புகை பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தால் கூடித்தான் போனது என்றார். கீரை, கேரட், பப்பாளி தாராளமாகச் சாப்பிடட்டும், இந்த மாத்திரை வேண்டாம், முதலில் பீடியை விடச் சொல்லுங்கள், ஆளையும் அழைத்து வாருங்கள் என்றார்.

வீட்டில் வந்து சொன்னாள். சிரித்தார்கள். அன்று மாலையே பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாள், கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

"எந்தம்பி போய்ட்டா நிம்மதின்னு கீறா," என்று பச்சையம்மா பிளாக்குக்கே கேட்கும்படி சொன்னாள். இதே பச்சையம்மா கால் உடைந்து கிடந்தபோது, எக்ஸ்போர்ட் கம்பெனித் தையல் வேலையை விட்டுவிட்டு, பெட்பேன் எடுத்து, குளிப்பாட்டி, தலை வாரி விட்டவள் ரமாபாய். அந்தக் கால் இப்போது ஊரெல்லாம் நடந்து அவளைத் தூற்றியது. கிருஷ்ணப்பன் அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து மனைவி கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

இன்று சாயங்காலம் கூடம் நிறைந்தது. பக்கத்து வீட்டு பதுருன்னிசா, மாடி வீட்டுப் பெண்கள், ஒரு ஓரமாகப் பச்சையம்மாவின் புருஷன் வல்லரசு. அவரும் வெகுநாளாகப் பீடி பிடிக்கிறவர்தான், மனைவி இழுத்த இழுப்புக்கு வருகிற அப்பாவி மனுஷன். நடுவில் நாற்காலி போட்டுக் கிருஷ்ணப்பனை உட்கார வைத்திருந்தாள் பச்சையம்மா, பொருட்காட்சியில் வைத்தது போல. எந்தம்பிக்கு இளைப்பு போயே போச்சு என்றாள். அவன் இருமலை அடக்கிக்கொண்டு தலையாட்டினான்.

பிறகு ரமாபாயிடமே ஒரு கண்ணாடித் தம்ளர் கேட்டு வாங்கினாள். தண்ணீர் ஊற்றி, காயத்துக்குப் போடும் டிங்சரைச் சொட்டினாள். தண்ணீர் கறுத்தது. "இதான் உங்க நொரையீரல்." மாத்திரையைப் பொடித்துத் தூளைக் கொட்டிக் கலக்கினாள். கறுப்பு மெல்ல வெளுத்து, தண்ணீர் தெளிந்தது. பெண்கள் வாயைப் பிளந்தார்கள். ஒரு டிங்சர் சொட்டுக்கே இந்தக் கூத்து என்றால் மண்டபத்தில் அந்தக் கோட்டுக்காரன் என்ன ஆட்டம் ஆடியிருப்பான் என்று ரமாபாய் நினைத்துக்கொண்டாள்.

டீத் தட்டைக் கீழே வைத்தாள். தம்ளரை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினாள்.

"தண்ணிதான் சுத்தமாய்டிச்சே. ஒரு வாய் குடிக்கா, பாக்கலாம்."

பச்சையம்மா பின்வாங்கினாள். "டிங்சர் ஊத்துனத எவளாவது குடிப்பாளா?"

"தெளிஞ்சத நீயே குடிக்க மாட்ட. எங்கூட்டுக்காரர் நெஞ்சு தெளியும்னு மட்டும் நாங்க நம்பணுமா?"

கிருஷ்ணப்பன் எழுந்து மனைவியை அடக்கப் பார்த்தான். அதற்குள் பதுருன்னிசா, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், வல்லரசைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "ஏண்ணே, நீங்களும் பீடி குடிக்கிறவர்தானே... உங்களுக்கு இதுல நல்லா கேக்குதா?"

"எனுக்கு இவ எங்க குடுத்தா?" என்றார் வல்லரசு. "பீடி புடிக்கிறவன் துன்னக்கூடாதாம். அந்தக் கோட்டு சாரே சொன்னாராம். அலமாரி சாவிய இடுப்புல சொருவிகினு கீறா, நான் எடுத்துடப் போறேன்னு."

பச்சையம்மா புருஷன் வாயைப் பொத்தப் போனாள், கை எட்டவில்லை.

கிருஷ்ணப்பன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "உம்புருசனுக்கு ஆவாதது, எனுக்கு மட்டும் எப்டிக்கா ஆவும்?"

"நீ பீடிய விட்டுட்டன்னுதாண்டா குடுத்தேன்..."

"உன் வராந்தாவுலதான நின்னு புடிச்சேன். தீப்பெட்டி எட்த்து குடுத்ததே நீதான."

பச்சையம்மா பேட்ஜைக் கையால் மறைத்துக்கொண்டாள். தம்பியைக் காட்டித்தான் ஆள் சேர்ந்தது, ஆள் சேர்ந்ததால்தான் பேட்ஜ் பெரிதானது. ஒன்றும் ஆகிவிடாது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். புருஷன் விஷயத்தில் மட்டும் அந்தத் தைரியம் வரவில்லை. வந்த பெண்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். பதுருன்னிசா போகும்போது ரமாபாயின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கிருஷ்ணப்பன் சட்டைப் பையிலிருந்து பீடிக் கட்டை எடுத்து மனைவியின் கையில் வைத்தான். "நான் ஒரு கலீஜ் புடிச்சவன் ரமா..." என்றான். அவள் தோளில் முகத்தைப் புதைத்துச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அழுகையின் நடுவே இருமல் வந்தது. ரமாபாய் அவன் முதுகைத் தடவிவிட்டாள். கோபம் அவளுக்கு அவ்வளவு சீக்கிரம் ஆறிவிடவில்லை, ஆனால் இருமும் முதுகை அந்தக் கை தானாகத் தடவியது.

"நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வர்ற. அந்தம்மா பாத்து இன்னா சொல்லுதோ கேப்போம்," என்றாள். அவன் தலையாட்டினான். அவள் டீயை நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான்.

பச்சையம்மா மட்டும் போகவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, பேட்ஜைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்கவே ரமாபாய்க்கு அருவருப்பாக இருந்தது. இருந்தும் துரத்த மனம் வரவில்லை. பெட்பேன் எடுத்த கைக்கு அருவருப்பு ஒன்றும் புதிதில்லை.

அந்தக் கண்ணாடித் தம்ளரை எடுத்துப் போய்த் தெளிந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினாள். சோப்பு போட்டு, உள்ளே விரல் விட்டு, டிங்சர் வாடை போகும் வரை தேய்த்துக் கழுவினாள். அதிலேயே சூடாக டீ ஊற்றிக் கொண்டுவந்து நாத்தனார் முன்னால் வைத்தாள்.

பச்சையம்மா தம்ளரைப் பார்த்தாள். ரமாபாயை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

"நானே தேச்சிக் கழுவுனேன்கா," என்றாள் ரமாபாய். "இப்போ குடிக்கலாம்."