தொண்டையில் வெளிச்சம்

திரையில் அக்காவின் தொண்டை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

ஸ்கேன் எடுப்பது அவன் தொழில். ஊசியில் ஏற்றும் கதிரியக்கச் சர்க்கரையை, உடம்பில் எது அதிகம் உழைக்கிறதோ அதுதான் குடிக்கும், படத்தில் மினுங்கும். புற்றுக் கட்டி குடிக்கும். பேசினால் தொண்டைத் தசையும் குடிக்கும். அதனால் ஊசிக்குப் பிறகு யாரையும் பேச விடுவதில்லை.

"என் வாயை மூட உனக்கு இத்தனை வருஷம் ஆச்சாடா, மூக்கா?" என்று சிரித்துவிட்டுத்தான் படுத்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அவன் மூக்கன். அதன்பின் காமிராவில் பார்த்துக்கொண்டே இருந்தான். உதடு அசையவே இல்லை.

நுரையீரலில் கட்டியும் எரிந்தது. இரண்டு மருந்துகள் தோற்றுவிட்டன. இந்தப் படத்தைப் பார்த்துத்தான் மூன்றாவதை அவளுக்கென்று டாக்டர் தொடங்க வேண்டும்.

மைக்கை அழுத்தினான். "அக்கா, பேசினியா?"

"வாயால பேசலடா."

"பின்ன?"

"உள்ளேருந்து கேட்டுச்சு, அடுத்தது என்ன மருந்துன்னு. டாக்டர் காலையில சொன்ன பேரைச் சொன்னேன். பாவம், பயந்துபோச்சு."

களைப்பில் உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். "ஆடாம படு. இன்னொரு தடவை எடுத்துடறேன்."

மேசை மெல்ல உள்ளே நகர்ந்தது. ஸ்பிரிட் வாடையும் ஏ.சி. குளிரும் மூக்கில் ஏற, இயந்திரத்தின் ஒரே சீரான இரைச்சலுக்கு அடியில், பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் இரண்டு பேர் தணிந்த குரலில் பேசுவதுபோல ஸ்பீக்கரில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஒலியைக் குறைத்தான். முணுமுணுப்பு குறையவில்லை.

படம் வந்தது.

தொண்டை முன்பைவிடப் பிரகாசம். நுரையீரல் இருட்டு.

பக்கத்துத் திரையில் உருவத்தை மட்டும் காட்டும் சாதாரண ஸ்கேன். கட்டி அங்கேயே இருந்தது. அதே அளவு. ஒளி மட்டும் இல்லை. தேடுகிறவன் காலடி கேட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல.

டாக்டர் இதைப் பார்த்தால் செத்த கட்டி என்பார். மருந்தே வேண்டாம் என்பார். அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

முதல் படத்தைத் தேடினான். இல்லை. மறுபடி தேடினான்.

இல்லை.

ஸ்பீக்கர் கரகரத்தது. அக்காவின் குரல்தான்.

"படம் நல்லா வந்திருக்கா, தம்பி?"

அவள் ஒருநாளும் அவனைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

நிமிர்ந்து பார்த்தான். கண்ணாடிக்கு அப்பால், பட்டைகள் இறுக்கிய மேசையில், அக்கா கண்களை அகல விரித்து அவனைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். உதடுகள் ஒட்டியதுபோல் மூடியிருந்தன.

தொண்டை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.