கடைசி ஆள் திருப்பிச் சொல்ல வேண்டாம்

வில்லியனூரில் விடிந்ததும் கிளம்பிய இருபது சைக்கிள்களில் சகாயராணியுடையதுதான் கடைசி. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு உதவி திரட்டும் பயணம். மதகடிப்பட்டு, பாகூர் எனச் சுற்றிக்கொண்டு மாலையில் மணப்பட்டுக் கடற்கரையில் முடியும். முன்னால் போகிற கலைவேந்தன் கிளம்பும்போதே பாடம் நடத்திவிட்டான்.

"ரோட்டுல குழி வந்தா நான் 'குழி'ன்னு கத்துவேன். அவங்கவங்க பின்னால வர்றவங்களுக்குத் திருப்பிச் சொல்லணும். கடைசி ஆள் மட்டும் சொல்ல வாணாம். அதுக்கப்புறம் கேக்க யாருப்பா இருக்காங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். சகாயராணியும் சிரித்தாள். அவளுக்கு முன்னால் போனது அவள் கணவன் டேனியல். அவன் வயிற்றில் இருப்பது அவள் கொடுத்த சிறுநீரகம். அவன்மேல் ஒரு கண் வைத்திருக்கத்தான் கடைசி இடத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

பாகூருக்கு முன்னால் சாலையின் இரண்டு பக்கமும் கரும்பு. உச்சி வெயில். தோகைகூட அசையவில்லை. முன்னால் கிளம்பிய குரல் வாய்க்கு வாய் தாவி டேனியலிடம் வந்தது.

"குழி!" என்றான்.

அவள் பேசாமல் குழியைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"குழி," என்றது அவளுக்குப் பின்னால் ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தாள். வெறும் சாலை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருட்டுக்கு எங்கே போவது? பட்டப்பகல்.

அடுத்த குழிக்கும் அந்தக் குரல் வந்தது. அதற்கடுத்ததற்கும். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில். காய்ந்து கிடந்த சாலையில் ஈரமண் வாசனை அடித்தது.

அப்போதுதான் வெட்டிப் போட்ட மண்.

இரண்டு வருடத்துக்கு முன், அவள் சிறுநீரகம் கொடுப்பதற்கும் முந்தி, ஆஸ்பத்திரியில் கைவிரித்து டேனியலை வீட்டுக்கு அனுப்பியபோது, சொந்தக்காரர்கள் அவசரப்பட்டுக் கல்லறைத் தோட்டத்தில் குழியே வெட்டிவிட்டார்கள். சாயங்காலம் அவன் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். குழி வெட்டிய சூசைநாதன் அவளிடம் வந்து நின்றார்.

"வெட்டுன குழிய வெறுமனே மூடக் கூடாதும்மா. ஒரு வாழக்கட்டையாச்சும் போட்டு மூடணும். இல்லன்னா அது ஆள் கேக்கும்."

போன உயிர் திரும்பிய சந்தோஷத்தில் அவள் காதில் எதுவும் ஏறவில்லை. "இன்னாண்ணே இது, மண்ணத் தள்ளி மூடிட்டுப் போங்க," என்றுவிட்டாள்.

"குழி."

இந்தத் தடவை முன்னால் யாரும் கத்தவில்லை. சாலையில் குழியும் இல்லை.

சகாயராணி டேனியலை ஒட்டி மிதித்தாள். ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதற்கும் டேனியலுக்கும் நடுவில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். இந்த இடத்தை விட்டுவிடக் கூடாது.

பாகூரில் மோர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது டேனியல் ஓரமாக ஒதுங்கி நின்றான்.

"நீ முன்னால போ. நான் கடைசில வர்றேன்."

"வாணாங்க. நானே வர்றேன்."

"காலைலேர்ந்து என் முதுகையே பாத்துனு வர்ற. இன்னா, செத்தா பூடுவேன்?"

அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் பார்த்தார்கள். என்னவென்று சொல்வது? கத்தி அழுதாவது தடுத்திருக்கலாம். இத்தனை பேர் சிரிப்பார்களே என்று கூசிப்போனாள். பாவி, கையை எடுத்துவிட்டாள்.

"அப்ப நீங்களும் திருப்பிச் சொல்லணும்," என்று கெஞ்சினாள். "உங்க குரல் எனக்குக் கேக்கணும்."

"சரிடி, சொல்றேன்."

திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மிதித்தாள். டேனியல் கையை ஆட்டினான். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. முதல் குழி வந்தது. கத்தினாள்.

"குழி!" என்றான் டேனியல், சிரிப்போடு.

"குழி," என்றது அவனுக்குப் பின்னால்.

"டேனி, வேகமா மிதிங்க! எனக்கு முன்னால வாங்க!"

எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. அவள் முன்னால் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. டிராக்டர் கிளப்பிய புழுதியில் கண் தெரியவில்லை. அதற்குள் அடுத்த குழி வந்துவிட்டது.

"குழி!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டுக் காத்திருந்தாள்.

டேனியலின் குரல் வரவில்லை.

இன்னொரு தடவை கத்தினாள்.

"குழி," என்றது அவள் முதுகுக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், வயிறு நிறைந்த குரலில்.