சிக்ஸ்டனின் கார்

கார்க் கண்ணாடியில் படிந்த பனி உள்பக்கமாகச் சுரண்டப்பட்டிருந்தது. ஒரு முகம் வெளியே பார்க்கும் அளவுக்கு.

குன்வோர் முற்றத்தில் நின்று அதையே பார்த்தாள். மதியம் மூன்று மணிதான், ஆனாலும் வட ஸ்வீடனின் ஜனவரி இருட்டு இறங்கிவிட்டது. அந்த இருட்டில் பைன் மரப்பிசினின் வாசனையும், கூரைப்பனி சரியும் ஓசையும், கம்பத்திலிருந்து காருக்குப் போகும், எஞ்சின் உறையாமல் சூடேற்றும் வயரின் மெல்லிய ரீங்காரமும் கலந்திருந்தன.

அவள் கணவன் சிக்ஸ்டன் தன் சம்பாத்தியத்தையெல்லாம் இந்தக் கிழட்டு வண்டியில்தான் கொட்டினான். பதிலுக்கு அது எந்தக் குளிரிலும் கிளம்பும். எதிரே வருகிறவர்கள் வண்டியைப் பார்த்தே கையசைப்பார்கள். போன குளிர்காலத்தில் ஒரே ஒரு நாள் கிளம்பவில்லை. காட்டுப்பாதையில், வண்டிக்குள்ளேயே சிக்ஸ்டன் உறைந்து செத்துப்போனான். குன்வோர் அழவில்லை. அன்றிலிருந்து எதுவுமே உறைக்கவில்லை.

வண்டியை விற்கக் கொண்டுபோக வந்த அண்ணன் ரூனே வயரைப் பார்த்தான்.

"இன்னுமா இதைச் சொருகி வெக்கிற? காலைல யாரு வண்டி எடுக்கப் போறா?"

"பழக்கம்ண்ணா. சாயங்காலமானா கை தானா போயிடுது."

"நல்ல பழக்கம் போ. கரண்டுக்காரன் உன் போட்டோவை மாட்டி வெச்சிருப்பான்."

"அதைப் பிடுங்காதண்ணா."

"ஏன்?"

அவள் கண்ணாடியில் சுரண்டிய இடத்தைப் பார்த்தாள். பயமாக இருந்தது. அண்ணனை விட்டால் அவளுக்கென்று யாருமில்லை.

ரூனே சிரித்துக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினான். உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினான்.

ரீங்காரம் நின்றது. சாவி திருகும் சத்தம். மறுபடியும். கண்ணாடிகள் உள்ளிருந்து வெளுக்கத் தொடங்கின. சுரண்டிய இடமும் மூடிக்கொண்டது.

"குன்வோர், கதவு திறக்க மாட்டேங்குது."

அவள் இழுத்தாள். அசையவில்லை. உள்ளே கை தட்டியது. வேகமாக. பிறகு மெதுவாக. பிறகு இல்லை.

ஓடினாள். வயரைத் தேடி எடுத்துச் சொருகினாள்.

ரீங்காரம். கண்ணாடியில் பனி உருகி வழிந்தது. ரூனே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. இமையெல்லாம் வெள்ளை.

அவள் வழக்கமாக ஏறும் பக்கத்துக் கதவு உள்ளிருந்து திறந்தது. இதமான வெப்பம் முகத்தில் பட்டது. பின்சீட்டிலிருந்து, கல்யாண மோதிரத்தோடு நீலம்பாரித்த ஒரு கை நீண்டு, முன்சீட்டில் அவள் உட்காரும் இடத்தைத் தட்டித் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தது.