நான்காவது பெயர்

கதிர்காமத்திலிருந்து திரும்பும் வழியில், நடுப்பகல் சோற்றுக்கு மாரியாயி நான்கு இலை போட்டாள். ஆனால் வந்தவர்கள் மூன்றே பேர். வழிகாட்டி மயில்வாகனம், பசறைப் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி பொன்னையா, அவர் மனைவி மாரியாயி.

"இது யாருக்கு?" என்றான் மயில்வாகனம்.

"நாலு பேருதானேங்க?" என்றாள் அவள், இலையைத் துடைத்துக்கொண்டே.

வெயில் அவள் தலைக்கு ஏறிவிட்டது என்று சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் மடியிலிருந்த அனுமதிச் சீட்டைத் தொட்டுப் பார்த்தான். சீட்டில் நான்கு பேர்தான்.

வாந்திபேதிக்குப் பயந்து, திருவிழாக் காலத்தில் அரசாங்கம் அந்தக் காட்டுப்பாதையை அடைத்துவிடும். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வாங்கிய அனுமதிச் சீட்டில் பெயர் உள்ளவர்கள் மட்டும்தான் போய்வரலாம். பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடையோடு சேர்த்து, சீட்டு வாங்கி ஆட்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதும் மயில்வாகனத்தின் தொழில். இல்லாத ஓர் ஆளின் பெயரையும் சேர்த்து எழுதி வைப்பது அவனுடைய கெட்டிக்காரத்தனம். கடைசி நேரத்தில் எவராவது ஓடிவந்தால் அந்தப் பெயரில் சேர்த்துக்கொள்ளலாம், கச்சேரி வாசலில் மறுபடி மூன்று நாள் தவம் கிடக்க வேண்டாம். இந்தத் தடவை எழுதிய பெயர் சிங்காரம். ஊர், தோட்டம் எதுவும் எழுதவில்லை. யாரும் ஓடிவரவும் இல்லை.

காட்டு விளிம்பில், கம்பு போட்டுப் பாதையை மறித்திருந்த கடவையில் காவலர் றஹீம், நோய்க்குப் பயந்து குடிசையை விட்டு வெளியே வரமாட்டார். வாசலில் கந்தகம் புகையும். சன்னலைக் கையகலம் திறந்து பெயர் வாசிப்பார், குரலை வைத்தே ஆளை அறிவார். போகும்போது அவர் "சிங்காரம்" என்று கூப்பிட்டதும், மயில்வாகனம் தொண்டையை விரலால் அழுத்திக்கொண்டு கீச்சுக்குரலில் "இருக்கேன்" என்றான். பொன்னையா வாயைப் பொத்திச் சிரித்தார்.

அது ஆறு நாளைக்கு முன்பு. இப்போது அவனுக்கு ஒரே ஒரு நினைப்புதான், வீட்டுக்குப் போக வேண்டும். மனைவி சந்திரகாந்திக்கு இது தலைப்பிரசவம், நாள் நெருங்கிவிட்டது. வாசலில் நின்று "சந்திரா" என்று கூப்பிட்டால்தான் அவள் கதவைத் திறப்பாள், வேறு எவர் குரலுக்கும் திறக்கமாட்டாள். பிள்ளைக்கென்று திருவிழாக் கடையில் வாங்கிய மரக் கிலுகிலுப்பை மூட்டைக்குள் கிடந்து, அடிக்கொரு தரம் குலுங்கிக்கொண்டே வந்தது.

சாப்பிட்டு எழுந்தபோது நான்காவது இலையில் வைத்த சோறும் காலியாகியிருந்தது.

மறுபடி நடந்தார்கள். காய்ந்த பாலை மரங்களுக்கிடையில் காற்றே இல்லை. சருகு நொறுங்கும் ஓசையும், வியர்த்த துணியின் புளித்த வாடையும், எங்கோ செத்துக் கிடந்த மானின் நாற்றமும் கூடவே வந்தன. காலடிச் சத்தத்தை எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே மயில்வாகனம் எண்ணினான். ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் கூடுதலாக வந்தது. "கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்ல வாயெடுத்தான், தொண்டை கட்டியிருந்தது. காற்றுதான் வந்தது.

முன்னால் யாரோ செருமினார்கள். அது அவன் செருமல்.

"ஐயா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று மாரியாயி கேட்டாள். அவனிடம் கேட்கவில்லை, முன்னால் பார்த்துக் கேட்டாள்.

"வந்தாச்சுங்க" என்றது அவன் குரல்.

கிலுகிலுப்பை முன்னால் குலுங்கியது. தோளைத் தொட்டுப் பார்த்தான். மூட்டை இல்லை.

ஓடினான். அதற்குள் கடவை வந்துவிட்டது. கந்தகப் புகை கண்ணைக் கரித்தது. சன்னல் திறந்தது.

"பொன்னையா."

"இருக்கேனுங்க."

"மாரியாயி."

"இருக்கேனுங்க."

"மயில்வாகனம்."

அவன் வாயைத் திறப்பதற்குள் புகைக்குள்ளிருந்து பதில் வந்தது. "இருக்கேன் றஹீம் ஐயா."

"சிங்காரம்."

"இல்ல! நான்தான் மயில்வாகனம்!" என்று அலறினான். வெளியே வந்தது கீச்சுக்குரல். தொண்டையில் விரல் எதுவும் இல்லை. கையை உதறினான். மறுபடி கத்தினான். கீச்சுக்குரல்தான்.

"சிங்காரமா? ஊரு போடலையே. எந்தத் தோட்டம்?" றஹீமின் குரலில் சந்தேகம் தட்டியது. "மயில்வாகனம், இது உங்க ஆளுதானே?"

"ஆமாங்க" என்றது அவன் குரல், வருத்தத்தோடு. "பாவம், வழியெல்லாம் வயித்தால போகுது அவருக்கு."

சன்னல் படீரென்று சாத்திக்கொண்டது. கடவைக் கம்பு இறங்கியது.

"கம்பைத் தொடாதீங்க! துவக்கு இருக்கு, சுட்டுடுவேன்! டொக்டர் வர்ற வரைக்கும் அந்தப் பக்கமே கிடங்க!"

"மாரியாயி" என்றான் அவன். "என்னைப் பாருங்க."

அவள் பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு நோயாளியைப் பார்க்கிற பார்வை. பொன்னையாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

புகை விலகியது. பாதையில் மூன்று முதுகுகள். நடுவில் இருந்ததன் மேல் அவன் சட்டை, தோளில் அவன் மூட்டை. அது திரும்பிப் பார்க்கவே இல்லை. கையில் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டே பதுளைப் பக்கம் நடந்தது.

நடக்கும்போதே பேசிப் பழகியது.

"சந்திரா." கொஞ்சம் கீச்சாக.

"சந்திரா." கொஞ்சம் கட்டையாக.

மூன்றாவது தடவை சரியாக வந்தது.