தமிழ் பீரியடின் கடைசி பெஞ்ச்

சிங்கப்பூரில் மார்சிலிங்கிலிருந்து ஜாலான் புசாருக்கு வீடு மாறிய 1978-இல், அப்பா என்னைப் பக்கத்திலிருந்த செகண்டரி ஸ்கூலில் சேர்த்தார். வகுப்பில் நான் ஒருத்திதான் இந்தியப் பெண். நான் உட்கார்ந்து எழுந்த நாற்காலியை லிண்டா கோ என்ற சீனப் பெண் டிஷ்யூ பேப்பரால் துடைப்பாள். "நாறுது லா!" என்று இங்கிலீஷில் சொல்லி மூக்கைப் பிடிப்பாள். சுற்றி இருப்பதுகள் இளிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தமிழ் பீரியடில்தான் மூச்சு விடுவேன். எல்லா வகுப்புகளிலிருந்தும் ஏழெட்டுத் தமிழ்ப் பிள்ளைகளைச் சேர்த்து, மண்டபத்துக்குப் பின்னால் ஓர் இருட்டறையில் உட்காரவைப்பார்கள். யார் எந்த வகுப்பு என்று யாரும் கேட்பதில்லை. கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் இராசமலர் இருப்பாள். யாழ்ப்பாணப் பேச்சு. அவளிடம் ஈரச் சுவர் வாடை அடிக்கும். மின்விசிறிக் காற்றில் என் தாள்கள் பறக்கும், அவள் தலைமுடி ஒன்றுகூட அசையாது. என்னவோ சரியில்லை என்று உறுத்தும். ஆனாலும் பேச ஓர் ஆள் கிடைத்ததே!

ஒருநாள் நாற்காலி விஷயத்தைச் சொல்லி அழுதுவிட்டேன்.

"ஆர் அவள்? பேரைச் சொல்லும்."

"லிண்டா கோ."

அவள் சிரித்தாள்.



மறுநாள் கழிவறையில் யாரோ லிண்டாவின் பின்னலை அடியோடு வெட்டிவிட்டார்கள். "ஓர் இந்தியப் பொண்ணு" என்று அழுதாளாம். அவளுக்கு நாங்கள் எல்லாம் ஒரே முகம்தானே! பிரின்சிபல் என்னைத்தான் கூப்பிட்டார். ஸ்கூலை விட்டே அனுப்பப்போகிறாராம்.

படிப்பு போய்விடுமே! "நான் இல்ல சார், இராசமலர்!" என்று போட்டு உடைத்தேன்.

தமிழாசிரியர் தனசேகரனைக் கூப்பிட்டார்கள்.

"ராசமலரா? அது உன் கிளாஸ் பிள்ளைன்னுல்ல நெனச்சேன், செசிலி?"

தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்டார். ஆளுக்கொரு வகுப்பைச் சொன்னார்கள். அவள் எந்த வகுப்பிலும் இல்லை.

தனசேகரன் சாருக்கு வியர்த்துவிட்டது. அவள் பேச்சை அப்படியே விட்டுவிட்டார். எனக்காகக் கெஞ்சினார். இந்த ஒரு தடவை மன்னித்தார்கள். செய்யாத தப்புக்கு மன்னிப்பு!

அப்பாடா என்று வகுப்புக்குத் திரும்பினேன். எல்லோரும் மதிய இடைவேளைக்குப் போயிருந்தார்கள். லிண்டா மட்டும் இருந்தாள், என் பக்கத்து இடத்தில்.

தமிழில் ஒரு வார்த்தை தெரியாத லிண்டா.

நான் உட்கார்ந்ததும், குனிந்து என் காதோடு கேட்டாள்.

"என்ரை பேரை ஏன் சொன்னனீர்?"