குருவிக்கு எதிராக நான்கு காரணங்கள்

ஆறாம் வகுப்பில் அவளை எல்லாரும் ‘அச்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு எழுத்து இன்னொன்றை இடிக்காது. ‘ழ’வின் வால் எல்லா வரியிலும் ஒரே அளவில் சுழியும்.

அதனால் வகுப்பில் யாருக்கு என்ன எழுத வேண்டுமென்றாலும் அவளிடம் வந்து நிற்பார்கள். வாழ்த்து அட்டை, சுவரொட்டி, விடுப்புக் கடிதம் எல்லாம் அவள் கையால்தான். அச்சுவுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

திங்கட்கிழமை மதியம் ‘வக்கீல்’ வந்தான். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவனுக்கு அந்தப் பெயர். பென்சில் சீவும்போது குப்பை யார் பக்கம் விழுந்தது என்பதற்கே அரை மணி நேரம் பேசுவான். தலைமையாசிரியை பெரிய மிஸ்ஸுக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், நல்ல தாளில் எழுதித் தா என்று கேட்டான். அவன் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல அச்சு எழுதினாள். பக்கத்து பெஞ்சில் ஒரே கூச்சல். எழுத்து வளையாமல் இருக்கிறதா என்று மட்டுமே அவள் பார்த்தாள். கையெழுத்து எங்கே போடுவது என்று காட்டுவதற்காக முதல் கையெழுத்தையும் அவளே போட்டுவிட்டாள்.

மறுநாள் அந்தக் கடிதம் பெஞ்ச் பெஞ்சாகப் போய் இருபத்திரண்டு கையெழுத்து வாங்கிவிட்டது. இருபத்து மூன்றாவதாக அது தவறிப்போய் குருவியின் கைக்கு வந்தது.

குருவி ஒல்லியான பெண். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவாள். காலைக் கூட்டத்தில் செய்தியும் அறிவிப்பும் வாசிப்பது இந்தப் பருவம் அவள் பொறுப்பு. தானே கையைத் தூக்கிக் கேட்டு வாங்கிய வேலை அது. அவளுக்குச் சில சொற்கள் திக்கும். ‘ப’வில் தொடங்கும் சொல் என்றால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

குருவி கடிதத்தை மேலிருந்து கீழ் வரை படித்தாள். பிறகு திரும்பி அச்சுவைப் பார்த்தாள்.

“இது உன் எழுத்துதானே?” என்றாள்.

 தாளை மேசை மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

அப்போதுதான் அச்சு அந்தக் கடிதத்தை முதன்முதலாகப் படித்தாள்.

‘காலைக் கூட்டத்தில் வாசிக்கும் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றித் தர வேண்டுகிறோம். இப்போது வாசிப்பவரால் தினமும் முதல் வகுப்பு பத்து நிமிடம் தாமதமாகிறது. சின்னப் பிள்ளைகள் சிரிப்பதால் கூட்டத்தின் ஒழுங்கு கெடுகிறது. சென்ற புதன்கிழமை ஓர் அறிவிப்பு விடுபட்டே போனது. எல்லாவற்றுக்கும் மேலாக, இதை அவருடைய நன்மைக்காகவே கேட்கிறோம். அவர் படும் சிரமம் எங்களுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.’

அச்சுவுக்குக் காது மடல் வரை சூடேறியது. முதல் மூன்று காரணங்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் கடைசி வரி! ஒருத்தியைப் பிடித்துக் கீழே தள்ளிவிட்டு, உன் நல்லதுக்குத்தான் தள்ளினோம் என்று சொல்வதா? அதையும் தன் கையாலேயே, அத்தனை அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறாளே!

நேரே வக்கீலிடம் போய் அதைக் கிழித்துப் போடச் சொன்னாள். அவன் கோபப்படவே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

“எந்த வரி தப்புன்னு சொல்லு, கிழிச்சிடறேன்” என்றான்.

“எல்லாமே தப்பு.”

“எப்படித் தப்பு? நீ கோபமா இருக்கே. கோபம் ஒரு காரணம் ஆகுமா? வேணும்னா உன் பேரை அடிச்சுக்கோ. வெள்ளிக்கிழமை பெரிய மிஸ்கிட்ட கொடுக்கப் போறேன்.”

அச்சு தன் பெயரைப் பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி அடித்தாள். ஆனால் எந்த வரி எப்படித் தப்பு என்று மட்டும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. 

அன்று மாலை வீட்டில் அவள் தட்டை வைத்த சத்தத்தில் அக்காவே திரும்பிப் பார்த்தாள்.  சாப்பிட்டு முடித்ததும் அச்சு ஒரு தாளை எடுத்து, அந்தக் கடிதத்தை நினைவிலிருந்து அப்படியே எழுதினாள். முதல் வரியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டாள். மற்ற வரிகளுக்குக் கீழே நீலக் கோடு.

இதைத் திங்கட்கிழமைதான் தமிழ் மிஸ் வகுப்பில் நடத்தியிருந்தார். ஒருவர் நம்மை இணங்க வைக்க எழுதினால் அதில் ஒரு மையக்கருத்து இருக்கும், மற்றதெல்லாம் அதைத் தாங்க வந்த காரணங்கள். ஒவ்வொரு காரணத்தையும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இது உண்மையா? உண்மையாகவே இருந்தாலும் மையக்கருத்தைத் தாங்குகிறதா? வகுப்பில் எல்லோரும் பற்பசை விளம்பரத்தை வைத்துத்தான் கேட்டுப் பார்த்தார்கள்.

வட்டத்துக்குள் இருந்தது, குருவியை மாற்ற வேண்டும் என்பது. கோட்டுக்கு மேல் இருந்தவை நான்கு காரணங்கள். பார்க்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள் அச்சு.

அக்கா ஓட்டப் பந்தயக்காரி. அவள் கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். இரண்டு நாள் கடன் கேட்டபோது, கீழே போட்டால் உன்னைத் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டிவிட்டுக் கொடுத்தாள்.

புதனும் வியாழனும் காலைக் கூட்டத்தில் அச்சு ஸ்டாப்வாட்சைக் கைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். குருவி வாசிக்க எடுத்துக்கொண்டது முதல் நாள் மூன்று நிமிடம் பத்து நொடி. இரண்டாம் நாள் இரண்டு நிமிடம் ஐம்பது நொடி. அதற்குப் பிறகு பெரிய மிஸ் மைக் முன்னால் வந்து, சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன் என்று தொடங்கினார். முதல் நாள் பன்னிரண்டு நிமிடம். இரண்டாம் நாள் பதினான்கு.

அச்சு அந்த எண்ணை இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டாள்.

அடுத்து சின்னப் பிள்ளைகள். குழாயடியில் ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் நான்கு பேரைப் பிடித்து, காலையில் எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். கேட்டதுமே அவர்களுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.

“அக்கா, அந்த மைக்குக்குள்ள பூனை இருக்கு” என்றான் முன்பல் இல்லாத ஒருவன்.

பெரிய மிஸ் நல்ல உயரம். மைக்கும் அவர் உயரத்துக்கே நிற்கும். குருவி அதை இறக்கும்போது ஒலிபெருக்கி ‘மியாவ்’ என்று கத்தும். குட்டிகள் சிரிப்பது அதற்குத்தான். குருவி வாயைத் திறப்பதற்குள் அவர்கள் சிரித்து முடித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது காரணம்தான் சிக்கலாகிவிட்டது. மூன்றாம் வகுப்பில் போய்க் கேட்டாள். ஆமாம், சென்ற வாரம் புதன்கிழமை வண்ணப் பென்சில் கொண்டு வரவேண்டும் என்ற அறிவிப்பு அவர்களுக்கு வரவே இல்லை. மறுநாள் ஓவிய வகுப்பில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

அச்சுவுக்கு அது பிடிக்கவில்லை. அதை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, ‘உண்மை’ என்று எழுதினாள்.

நான்காவது காரணத்துக்கு ஒரே ஒருத்தியிடம்தான் போய்க் கேட்க முடியும். அதற்குத்தான் அச்சுவுக்குக் கால் எழவில்லை. வியாழன் மாலை பள்ளி விட்ட பிறகு, மாடிப்படியின் கடைசிப் படியில் குருவி செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். அச்சு பக்கத்தில் போய் நின்றாள்.

“எழுதும்போது படிச்சியா?” என்று குருவிதான் முதலில் கேட்டாள்.

“இல்ல. எழுத்து நேரா இருக்கான்னு மட்டும்தான் பார்த்தேன்.”

“அதுதான் எனக்குக் கோபம். எனக்கு எதிரா எழுதியிருந்தாகூட ப... பரவாயில்ல. என்னன்னே பார்க்காம எழுதியிருக்கே.”

அது உண்மைதான் என்று அச்சு ஒத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டாள். குருவி சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அச்சு கையிலிருந்த தாளை நீட்டினாள். நான்கு காரணங்களையும் ஒவ்வொன்றுக்கும் எதிரில் எழுதியிருந்ததையும் குருவி மெதுவாகப் படித்தாள்.

“மேடையில வாசிக்கிறது உனக்குக் கஷ்டமா இருக்கா?” என்று அச்சு கேட்டாள்.

“கஷ்டமாத்தான் இருக்கு. அதுக்காக வேண்டாம்னு நான் எப்பவாவது சொன்னேனா?”

பிறகு சென்ற வாரம் புதன்கிழமை நடந்ததையும் அவளே சொன்னாள். அன்று முன் வரிசையில் யாரோ அவள் எத்தனை முறை திக்குகிறாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஏழாவது விரல் மடங்கியதைப் பார்த்ததும் கண் கலங்கி, ஒரு வரி கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. யார் அது என்று அச்சு கேட்டாள். குருவி சொல்ல மறுத்துவிட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அச்சுவுக்குச் செவ்வாய்க்கிழமை வந்ததைவிடப் பெரிய கோபம் வந்தது. ஆனால் இந்த முறை என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தாள்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியையின் மேசைமீது இரண்டு கடிதங்கள் இருந்தன. இரண்டும் ஒரே கையெழுத்தில். பெரிய மிஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டையும் படித்தார். எதிரே அச்சுவும் வக்கீலும் நின்றார்கள்.

“‘வாசிப்பது மூன்று நிமிடம். மற்றவர் பேச்சு பன்னிரண்டு முதல் பதினான்கு நிமிடம்’னு எழுதியிருக்கே. யாரும்மா அந்த மற்றவர்?” என்று கேட்டார்.

அச்சு தரையைப் பார்த்தாள். காலண்டரைப் பார்த்தாள். 

“நீங்கதான் மிஸ்” என்றான் வக்கீல். வாதம் என்று வந்துவிட்டால் அவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

பெரிய மிஸ் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் அப்படிப் பேசாமல் இருந்து இருவரும் பார்த்ததே இல்லை. பிறகு வக்கீலிடம், உன் நான்கு காரணங்களில் இப்போது எது நிற்கிறது என்று கேட்டார்.

அவன் அச்சுவின் கடிதத்தை வாங்கி வரி வரியாகப் படித்தான். நேரம் பொய்யாகிவிட்டது. சிரிப்பு உண்மை, ஆனால் அது மைக்கைப் பார்த்து. சிரமமும் உண்மை, ஆனால் சிரமப்படுகிறவள் விலக விரும்பவில்லை.

“புதன்கிழமை அறிவிப்பு மட்டும்தான் மிஸ் நிக்குது. இவளே உண்மைன்னு எழுதியிருக்கா” என்றான்.

“அடுத்த வரியையும் படி” என்றாள் அச்சு.  “யாரோ விரல்விட்டு எண்ணினாங்க. ஒருத்தியைத் தடுமாற வச்சுட்டு, அவ தடுமாறினதையே காரணமாக் காட்டினா அது என்ன நியாயம்?”

வக்கீல் அந்த வரியைப் படித்தான். அவன் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. 

“அது நான்தான் மிஸ்” என்றான் கடைசியில். “கடிதத்துல போட ஒரு கணக்கு வேணும்னு எண்ணினேன். அவ பார்ப்பான்னு நினைக்கல.”

யாரும் கேட்காமலே தன் கடிதத்தை மேசையிலிருந்து எடுத்து இரண்டாகக் கிழித்தான். அன்று மதியம் குருவியின் பெஞ்சுக்குப் போய்ப் பத்து நிமிடம் தட்டுத் தடுமாறிப் பேசினான். வக்கீல் சொல் கிடைக்காமல் திணறியதை வகுப்பு அன்றுதான் பார்த்தது. குருவி அவனை அவசரப்படுத்தாமல், அவன் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அச்சுவிடம் அவள் அன்றும் அதிகம் பேசவில்லை. ஆனால் திங்கட்கிழமை வாசிக்க வேண்டிய அறிவிப்புகளைக் கொண்டுவந்து நீட்டி, அலுவலக எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது, படித்துப் பார்த்து எழுதித் தா என்றாள்.

திங்கட்கிழமை காலை மைக் முன்கூட்டியே இறக்கி வைக்கப்பட்டிருந்தது. பூனை கத்தவில்லை என்று ஒன்றாம் வகுப்பில் சிலருக்கு வருத்தம். பெரிய மிஸ் நான்கு நிமிடத்தில் பேச்சை முடித்ததில் ஆசிரியர்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லா அறிவிப்பும் வாசல் பலகையிலும் எழுதப்பட்டிருந்தது.

குருவி தாளை எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள். முன் வரிசையில் வக்கீல் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு நின்றான். மூன்றாவது அறிவிப்பின் நடுவில் ‘பரிசளிப்பு’ என்ற சொல் வந்தது. குருவி நின்றாள். மைதானம் முழுவதும் நின்றது.

அவள் அவசரப்படவில்லை. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். அந்தச் சொல் தன் நேரத்தில் வந்தது. வந்தபோது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.